பிளாஸ்டிக் பிரிக்காத புத்தகங்கள்

எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் வாசிப்பதற்கென்று ஓர் அலமாரி உண்டு. வாசிக்கிறவர்கள்தாம் இல்லை. நூலக ஆசிரியை என்ற முறையில் ஆண்டுதோறும் அதற்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பது என் வேலை. குழந்தை உளவியல், வகுப்பறைக் கட்டுப்பாடு, வாசிப்புத் திறன் என்று நானும் மெனக்கெட்டுப் பார்த்துப் பார்த்து வாங்குவேன். வந்தவற்றைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கைப் பிரிக்காமல் அப்படியே அடுக்க வேண்டும் என்பது தலைமையாசிரியை கலாதேவியின் உத்தரவு. அதிகாரிகள் பார்வையிட வந்தால் பளபளவென்று இருக்க வேண்டுமாம். ஊறுகாய்ப் பாட்டிலைக்கூட ஒருநாள் திறப்பார்கள். எங்கள் புத்தகங்களுக்கு அந்தக் கொடுப்பினையும் கிடையாது.

பள்ளியின் பெயர் செம்பாக்கா தோட்டத் தமிழ்ப்பள்ளி. தோட்டம் கோலா கங்சார் பக்கம் இருந்தது. ரப்பர் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு, ஆட்களெல்லாம் வெளியேறிய பிறகு, பள்ளியை மட்டும் பெயரோடு தூக்கிவந்து ஈப்போ நகரில் சிலிபின் பக்கம் வைத்துவிட்டார்கள். அலமாரியும் அதன் பக்கத்தில் கிடக்கும் கைவைத்த நாற்காலியும் அங்கிருந்து வந்தவைதாம். மழை நாளில் அலமாரியைத் திறந்தால் ரப்பர் பால் புளித்த வாடை அடிக்கும். நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. ஒரு கால் ஆட்டம்.

இரண்டாம் ஆண்டு வகுப்பில் தினேஸ்வரி என்று ஒரு பெண். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து வாய் திறந்ததில்லை. எது கேட்டாலும் தரையைப் பார்ப்பாள். இடைவேளையில் மற்ற பிள்ளைகள் கேண்டீனுக்கு ஓடும்போது இவள் நூலகத்துக்கு வந்து அந்த நாற்காலியின் காலடியில் உட்கார்ந்துகொள்வாள். எனக்கு அவளைப் பிடிக்கும். நூலகத்தில் சத்தம் போடாத ஒரே ஜீவன் அவள்தான்.

ஒரு திங்கட்கிழமை கலாதேவி என்னை அழைத்தார். தினேஸ்வரியை வேறு பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்புக்கு மாற்றப் போவதாகவும், வெள்ளிக்கிழமை அவள் அம்மா வந்து கையெழுத்துப் போடுவார் என்றும் சொன்னார். அறிக்கைக்கு வலு வேண்டும். "இப்படிப்பட்ட பிள்ளைக்கு இந்தப் பள்ளி சரிப்படாது" என்று சொல்லும் புத்தகமாகப் பார்த்து நான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இத்தனை ஆண்டில் முதல்முறையாகப் புத்தகத்தைத் திறக்கச் சொல்கிறார், அதுவும் ஒரு குழந்தையை வெளியே தள்ள. நானோ எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பேசுகிறவள். ஆனாலும் தலைமையாசிரியை ஆயிற்றே. பல்லைக் கடித்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தேன்.

அப்போதுதான் வந்திறங்கிய ஒரு மலாய்ப் புத்தகத்தின் பிளாஸ்டிக்கைக் கத்தியால் கீறிப் பிரித்தேன். உள்ளே ஒரு வரியின் கீழ் நீலப் பென்சிலால் கோடு. கோட்டின் முடிவில் ஒரு சிவப்புப் புள்ளி. 'பேசாத பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கும் முன், அது வீட்டில் பேசுகிறதா என்று கேளுங்கள்' என்பது அந்த வரி. அழுத்திய அழுத்தத்தில் அடுத்த தாளிலும் தடம் விழுந்திருந்தது.

கடைக்காரருக்குப் போன் போட்டு, பழைய புத்தகத்தைப் புதிதென்று தலையில் கட்டுகிறீர்களா என்று பிடிபிடியென்று பிடித்தேன். பெட்டி நேராகக் கோலாலம்பூரிலிருந்து வந்தது, தாம் தொடக்கூட இல்லை என்று அவர் சத்தியம் செய்தார். அடுத்ததை எடுத்தேன். இது தமிழ்ப் புத்தகம், வேறு பதிப்பகம். பிளாஸ்டிக்கில் ஓர் ஓட்டைகூட இல்லை என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பிரித்தேன். நீலக் கோடு. சிவப்புப் புள்ளி. 'வீட்டாரைக் கேளுங்கள்.' மூன்றாவதைத் திறக்க எனக்குத் துணிவில்லை. மழை இல்லாத நாள், ஆனால் அந்தப் புளித்த வாடை மட்டும் அறை முழுக்க இருந்தது.

இரண்டையும் கொண்டுபோய்க் கலாதேவியின் மேசையில் விரித்து வைத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அந்தச் சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது.

"தோட்டத்து ஸ்கூல்ல இருந்த செல்லாயி டீச்சர் கோடு இது," என்றார். "ஒரு பக்கம் செகப்பு, ஒரு பக்கம் நீலம். அந்தப் பென்சில்தான் வச்சிருப்பாங்க. அந்த அலமாரி, நாக்காலி எல்லாம் அவங்களோடது. செத்து எத்தனையோ வருசமாச்சு லா."

புத்தகத்தை மூடிவிட்டுத் தொடர்ந்தார். "எங்க அக்கா இருளாயியும் இதே மாதிரிதான். ஸ்கூல்ல வாயத் தொறக்க மாட்டா. செல்லாயி டீச்சர் எங்கப்பாவக் கூப்ட்டு, இது ஊமை, இனிமே அனுப்பாதீங்கன்னுட்டாங்க. வீட்ல அக்கா மூச்சு விடாம பேசுவா. யாரும் வந்து கேக்கல."

இருளாயி தோட்டத்தில் புல் பிடுங்கப் போனாராம். இன்றைக்கும் வெளியாள் முன்னால் ஒரு வார்த்தை வராதாம். பல ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாணத்துக்காக தோட்டத்தில் இவர்கள் இருந்த லயத்து வீட்டுக்கு வந்த செல்லாயி டீச்சர், அடுப்படியில் இருளாயி பேசிச் சிரிப்பதைக் கேட்டுவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாராம். அதன் பிறகுதான் அந்த அலமாரியை வாங்கிப் போட்டுப் புத்தகமாக வாங்கி நிரப்பி, சாகிறவரை கோடு போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இந்த அம்மாள் கண்ணை மூடிய பிறகும் நிறுத்தவில்லை போலிருக்கிறது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் தினேஸ்வரியை அனுப்பப் பார்த்தீர்கள் என்று கேட்டேவிட்டேன். அந்தப் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவின் முகம்தான் தெரிகிறது, பார்க்க முடியவில்லை என்றார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை தினேஸ்வரியின் அம்மா கையுறைத் தொழிற்சாலைச் சீருடையோடு வந்தார். பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். கலாதேவி தாளை மூடி வைத்துவிட்டு, தினேஸ்வரி வீட்டில் பேசுவாளா என்று கேட்டார். அந்த அம்மா எங்களை விசித்திரமாகப் பார்த்தார்.

"வாய மூடவே மாட்டா டீச்சர். இத யாருமே கேக்கலயே," என்றபடி போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். தினேஸ்வரி தலையணைகளை வரிசையாக உட்காரவைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். "லைப்ரரில சத்தம் போடக் கூடாது," என்று என்னைப் போலவே மூக்கால் அதட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவள் பழைய நாளிதழ் ஒன்றை மடியில் விரித்து ஒரு வரியின் கீழ் கோடு போட்டாள். பென்சிலைத் திருப்பி முடிவில் ஒரு புள்ளி வைத்தாள்.

அந்தப் பென்சில் ஏது என்று கலாதேவி கேட்டார்.

"லைப்ரரி டீச்சர் குடுத்தாங்கன்னு சொன்னா. வயசான டீச்சர்னு சொன்னா." அந்த அம்மா என்னைப் பார்த்தார். "நீங்க சின்னப் புள்ளையா இருக்கீங்க?"

எங்கள் பள்ளியில் நூலக ஆசிரியை நான் ஒருத்திதான். நான் யாருக்கும் பென்சில் கொடுக்கவில்லை. கலாதேவி அந்தத் தாளை நான்காகக் கிழித்தார்.

தினேஸ்வரி எங்களோடே இருந்தாள். நான் அலமாரியில் இருந்த எல்லாப் புத்தகங்களின் பிளாஸ்டிக்கையும் பிரித்துப் போட்டேன். அதிகாரிகள் வந்தால் வரட்டும். இப்போது ஆசிரியர்கள் ஒவ்வொருவராக எடுத்துப் போகிறார்கள், கலாதேவி முதற்கொண்டு. நானும் வாசிக்கிறேன். பேசு பேசு என்று பிள்ளையை நெருக்கக் கூடாது, பக்கத்தில் இருந்தால் போதும் என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. ஆகவே இடைவேளையில் அவளை நான் எதுவும் கேட்பதில்லை. அவள் பாட்டுக்கு நாற்காலியின் காலடியில் இருப்பாள், நான் பாட்டுக்கு வேலை பார்ப்பேன்.

ஒருநாள் புது ஆண்டுக்கான புத்தகங்களைத் தேர்ந்தெடுத்து நின்று நின்று கால் கடுத்துப் போயிற்று. பக்கத்தில் கிடந்த அந்தப் பழைய நாற்காலியில் உட்காரப் போனேன்.

"டீச்சர்," என்று ஒரு குரல். இந்தப் பள்ளிக்குள் நான் கேட்டறியாத குரல். தினேஸ்வரி என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "அதுல உக்காராதீங்க. ஆளு இருக்காங்க."

நியாயமாக நான் பயந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது அழுகைதான், அதுவும் சந்தோஷத்தில். சரிம்மா என்று சொல்லிவிட்டு வேறு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.