புனித நிக்கோலா நாளின் மொச்சைச் சட்டி

என் தம்பி மனைவி லுபிங்கா நன்றாகச் சமைப்பாள் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அவள்மேல் எனக்குப் பெரிய மதிப்பு வந்தது, மலைப்பாதை மூடிப்போன அந்தக் குலநாளில்தான்.

புனித நிக்கோலா எங்கள் குலத்தைக் காப்பவர். அவருடைய நாள்தான் எங்கள் குலநாள்; அது வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்புக்குள் வந்து மாட்டிக்கொள்ளும். இறைச்சி கிடையாது, பால் கிடையாது, முட்டை கிடையாது. மீனுக்கு மட்டும் அனுமதி உண்டு. அதனால் எங்கள் வீட்டில் அன்றைக்குக் கெண்டை மீன்தான் ராஜா. அந்த வருடம் மீன் கீழே பள்ளத்தாக்கில் நின்றுவிட்டது. முந்தின இரவு தொடங்கிய பனி விடவேயில்லை. தம்பி விதோயே பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவன். விடிவதற்குள் கிளம்பிப் போயிருந்தான்.

லுபிங்கா தொலைபேசியை வைத்துவிட்டு வந்தாள்.

"மீன் வராதாம் அண்ணி."

"அப்ப என்னடி பண்ணப் போற?"

"மொச்சை ஊறிக்கிட்டு இருக்கு. வெங்காயம் இருக்கு. வேற என்ன வேணும்? நீங்க உருளைக்கிழங்கை உரிங்க."

மொச்சை எவ்வளவோ அவ்வளவு வெங்காயம் நறுக்கினாள். எண்ணெயில் அது தேன் நிறத்துக்கு வரும்வரை அடுப்பை விட்டு நகரவில்லை. வெந்த மொச்சையையும் வெங்காயத்தையும் மண்சட்டியில் அடுக்கடுக்காகப் போட்டு, நடுநடுவே சிவப்பு மிளகாய்ப்பொடி தூவி, விறகடுப்பின் சூட்டறைக்குள் தள்ளினாள். காய்ந்த குடைமிளகாய்களை வெந்நீரில் ஊறவைத்து, அரிசியும் வாதுமைக் கொட்டையும் அடைத்து வேகவைத்தாள். பால்கனிப் பீப்பாயிலிருந்து புளித்த முட்டைக்கோஸை எடுத்து நறுக்கி எண்ணெய் ஊற்றினாள். வீடு முழுக்க மணத்தது. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தது.

பொழுது சாயும்போது எதிர்வீட்டு ரதோமான் சித்தப்பா முழங்கால் அளவு பனியில் நடந்து வந்து சேர்ந்தார். மேசையை ஒரு பார்வை பார்த்தார்.

"மீன் எங்க?"

"பனிக்குள்ள நீந்திக்கிட்டு இருக்கு மாமா," என்றாள் லுபிங்கா.

"மீன் இல்லாம குலநாளா? எங்கப்பா காலத்துல போர் நடந்தப்பகூட மீன் இருந்துச்சு."

"அப்ப அவர்கிட்டயே போய்ச் சாப்பிடுங்க," என்றேன் நான். அவர் முறைத்தபடி அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் வசதியாக உட்கார்ந்தார்.

அப்போதுதான் விதோயே தொலைபேசியில் கூப்பிட்டான். மலைக் கணவாய்க்குக் கீழே ஒரு பஸ் சிக்கியிருக்கிறது, ஆட்கள் காலையிலிருந்து பட்டினி, அவர்களை இங்கே கொண்டுவருகிறேன், ராத்திரி அவர்கள் தங்கப் பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சாவி தேடுகிறார்கள் என்றான்.

"எத்தனை பேர்?" என்று கேட்டாள் லுபிங்கா.

"பஸ் நிறைய."

"கூட்டிட்டு வா. பூட்ஸை வாசல்லயே கழட்டச் சொல்லு."

மண்சட்டியை வெளியே எடுத்தாள். மேலே செம்பழுப்பாக மொறுமொறுவென்று ஏடு கட்டியிருந்தது. அந்த ஏட்டுக்காகத்தான் ஊரே அவள் வீட்டு மொச்சைக்கு அலையும். கொஞ்சம் நின்று பார்த்தாள். பிறகு பரணிலிருந்து பெரிய அண்டாவை இறக்கச் சொன்னாள். சட்டியை அப்படியே அதற்குள் கவிழ்த்தாள்.

சித்தப்பா எழுந்தே விட்டார். "அடிப்பாவி, அதைப் போய்க் கலைச்சிட்டியே."

"சட்டியில இருந்தா நமக்கு மட்டும்தான் மாமா. அண்டாவுல இருந்தா எல்லாருக்கும்."

நான் உரித்த கிழங்குகள் அண்டாவுக்குள் போயின. அடைத்த மிளகாய்களையும் கீறி உள்ளே போட்டாள். தண்ணீர் ஊற்றி, எண்ணெயில் மாவைச் சிவக்க வறுத்துக் கொட்டினாள். நாள் முழுக்க இழைத்த சமையல் கண்ணெதிரே சூப்பாகிப் போனது. அவள் முகத்தில் வருத்தம் தேடினேன், உப்புதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் பேசவே தெம்பில்லாமல் வந்தார்கள். சித்தப்பா குலநாள் வழக்கப்படி மெழுகுவர்த்தி ஏற்றி, புனிதருக்கான ரொட்டியை வெட்டினார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். கிண்ணங்கள் போதாமல் காபிக் கோப்பைகளிலும் சூப் ஊற்றினோம். சியெனித்சாவைச் சேர்ந்த ஸும்ரேதா என்ற பெண்ணும் அவள் மாமனாரும் மட்டும் கரண்டியைத் தொடவில்லை. அவர்கள் முஸ்லிம்கள். அவள் லுபிங்காவின் காதருகே வந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க. பன்றிக் கொழுப்பு ஏதாவது..."

"சூரியகாந்தி எண்ணெய் மட்டும்தான். இன்னைக்கு நோன்பு, பன்றிக் கொழுப்பு எங்களுக்கும் ஆகாது. நிம்மதியா சாப்பிடுங்க."

மாமனார் சிரித்துவிட்டார். "உங்க புனிதர் எங்களையும் மனசுல வச்சுத்தான் நாள் குறிச்சிருக்கார் போல."

சித்தப்பா மூன்றாவது கிண்ணத்தை நீட்டியபடி, "ஒரு கெண்டை மட்டும் இருந்திருந்தா," என்றார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

அண்டா வழித்தெடுத்தாயிற்று. லுபிங்கா சுவரில் சாய்ந்து நின்றாள். "நீ சாப்பிடலையே," என்றேன். பசியில்லை என்றாள். ஸும்ரேதா இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மக்காச்சோள மாவு எங்க இருக்கு?" என்று எழுந்தாள்.

"நீங்க விருந்தாளி, உக்காருங்க."

"நீங்க உக்காருங்கக்கா."

மாவைக் கொதிநீரில் கொட்டி, கைவலிக்கக் கிளறி, வெங்காயத்தை ஓரம் கருகும்வரை வறுத்து எண்ணெயோடு மேலே ஊற்றினாள். லுபிங்காவை நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்தாள்.

"வெங்காயத்தை இவ்வளவு கருக விடறீங்களே," என்றாள் லுபிங்கா, வாயில் போட்டுக்கொண்டே.

"எங்க பக்கம் அப்படித்தான்."

 லுபிங்கா தட்டைக் காலி செய்து மறுபடி நீட்டினாள். தன் வீட்டுக் குலநாளில் அவள் உட்கார்ந்து, இன்னொருவர் பரிமாறச் சாப்பிட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சற்று நேரத்தில் பள்ளிக்கூடம் திறந்தது. வந்தவர்கள் எங்கள் கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு அங்கே போனார்கள். ஸும்ரேதாவும் மாமனாரும் எங்களோடு தங்கினார்கள். மறுநாள் பகலில் பாதை திறந்து பஸ் கிளம்பியபோது லுபிங்கா வாசலில் நின்று கையசைத்தாள். பிறகு உள்ளே போய், மறுபடியும் மொச்சையை ஊறப்போட்டாள்.