ஐம்பத்தோராவது அங்குலம்

ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற தையல்காரருக்கு ஒரு மேஜைக்கு அளவெடுக்கத் தெரியாதா? அப்படிச் சொல்லித்தான் தச்சரைக் கூப்பிடாமல் விட்டார். சின்ன மகள் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்து, தினமும் கழுத்து வலி என்று சிணுங்குகிறாள். அவளுக்குப் பலகை சாய்வாக நிற்கிற ஒரு மேஜை வேண்டும். பிள்ளைகள் அறைக் கதவு உப்பிப்போய்ச் சாத்த வராமல், கழற்றிக் கொல்லைச் சுவரில் சாத்தி வைத்து இரண்டு மாதமாகிறது. அது போதும் பலகைக்கு.

மனைவிதான் தயங்கினாள். அந்தக் கதவில் பெரியவளின் உயரக் கோடுகள் இருந்தன. பிறந்தநாள்தோறும் கதவோடு ஒட்டி நிற்கவைத்து, தலைமேல் புத்தகத்தை வைத்துப் பென்சிலால் கோடிழுத்து, கோட்டுக்குக் கீழே வயதை எழுதுவாள். ஏழோடு நின்றுவிட்டது. நாலே நாள் காய்ச்சலில் பெரியவள் போய்ச் சேர்ந்து, வருகிற மாதத்தோடு இரண்டு வருஷம்.

"கோடெல்லாம் அடிப்பக்கமா போகட்டும். ஆனா ஒண்ணு மேலகூட ரம்பம் படக்கூடாது. பட்டுச்சு, நான் மனுஷியா இருக்கமாட்டேன்."

"அம்பத்தொண்ணாவது அங்குலத்துலதான் வெட்டப்போறேன். ஒரு கோட்டுக்கும் ஒண்ணும் ஆகாது, போதுமா?"

மத்தியானம் கொல்லையிலேயே இரண்டு முக்காலிகள்மேல் கதவைக் கிடத்தினார். அந்தக் கோடுகளைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. பார்த்தால் அழுகை வரும். அழுதுகொண்டே ரம்பம் பிடிக்க முடியாது. ஒரு வெட்டுத்துணியை அவற்றின்மேல் போர்த்திவிட்டு, கதவின் அடியிலிருந்து டேப்பை இழுத்தார். ஐம்பத்தொன்றில், துணியின் ஓரத்தை ஒட்டி, ஏற்கெனவே ஒரு பென்சில் கோடு இருந்தது. நேற்றே குறித்துவைத்தோம் போலிருக்கிறது என்று நினைத்தார். இருபது வருஷப் பழக்கம் அப்படி. கோட்டைக் கண்டால் கை வெட்டிவிடும், யார் போட்டது என்று கேட்காது.

பாதி அறுத்திருப்பார். சின்னவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, நிறுத்துப்பா. அக்கா ரெண்டு கையாலயும் தலையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா."

"வேலை நேரத்துல விளையாட்டா? உள்ள போடி."

"அதோ, சுவரோரமா." கதவு சாத்தியிருந்த இடத்தைக் காட்டினாள். அக்கா போனபோது அவளுக்கு இரண்டு வயது. முகம்கூட நினைவிருக்க வழியில்லை. அவர் வீம்புக்கு வேகமாக அறுத்தார். மேல்துண்டு தொப்பென்று விழுந்தது. மரத்தூளைத் தட்டுவதற்காகத் துணியை எடுத்தார்.

வெட்டிய விளிம்புக்குக் கீழே ஒன்பது என்று எழுதியிருந்தது. அதற்கும் இரண்டு அங்குலம் கீழே ஒரு கோடு, எட்டு. அப்புறம்தான் ஏழு.

  ரம்பச் சத்தம் நின்றதைக் கேட்டு மனைவி வந்தாள்.

"நீ போட்டதா?"

அவள் எட்டைத் தொட்டாள். "இதப் பாத்திருக்கேன். நீங்கதான் போட்டீங்கன்னு நெனச்சேன். கேட்டா நிறுத்திடுவீங்கன்னு வாயத் தெறக்கல." விரல் மேலே ஏறி, அறுத்த விளிம்பில் நின்றது. "அவளுக்கு ஒம்பது போன வாரந்தானே முடிஞ்சது? கதவு அப்ப இங்க கொல்லைலதானே இருந்துது."

கோடு இருந்த இடம் காலடியில் மரத்தூளாகக் கிடந்தது. அவள் கத்துவாள், அடிப்பாள் என்று அவர் காத்திருந்தார். 

அவள் கத்தவில்லை. கீழே கிடந்த துண்டைத் தூக்கி, வெட்டிய வாயோடு பொருத்திப் பிடித்தாள்.

"ஒட்டுங்க."

"முழுசா ஒட்டினா மேஜை ஜன்னலத் தாண்டி வாசல் வரைக்கும் வரும். போக வர வழியிருக்காது."

"ஒருக்களிச்சுப் போய்க்கலாம்."

சின்னவள் சுவரோரம் போய், தன்னைவிட உயரமான யாரையோ அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். மனைவி அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. பிள்ளைக்குப் பாவாடை தைக்கக் கொடுக்கிற ஒவ்வொரு தாயும் அவரிடம் சொல்லிவிட்டுப் போகிற அதே வார்த்தைகளை, அதே குரலில் சொன்னாள்.

"வளர்ற பொண்ணு. கொஞ்சம் கூடுதலாவே விடுங்க."