ஸேஜ் ஹாலோவின் கனமான சட்டம்

உலகத்திலேயே மிகக் கனமான சட்டம் எங்கள் ஸேஜ் ஹாலோவுடையது. கொலராடோவில் வேறு ஊர்க்காரர்களும் இப்படிச் சொல்லிக்கொள்ளலாம். நாங்கள் தானியக் கிடங்கின் லாரி எடைமேடையில் நிறுத்துப் பார்த்தவர்கள். அரைத் தானியங்கித் துப்பாக்கி வாங்குகிறவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு வாரம் காத்திருக்க வேண்டும் என்று ஊர் மன்றம் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் முடிவு செய்தது. மறுநாள் முதல், புதிதாக வாங்கிய அந்த வகைத் துப்பாக்கி ஒவ்வொன்றும் ஊர் எல்லைக்குள் ஒரு வாரத்துக்கு வளர்ந்த காளையின் எடை இருந்தது. வாரம் முடிந்தால் ஒற்றைக் கையால் தூக்கலாம்.

பக்கத்துக் கவுண்டியில், அதாவது அடுத்த மாவட்டத்தில், அந்தச் சட்டம் கிடையாது. அங்கே வாங்கி வந்தவர்களின் வண்டிகள் எங்கள் ஊர்ப் பெயர்ப்பலகையைத் தாண்டியதும் முன்சக்கரங்களைத் தூக்கி நின்றன. வாங்கியதை அந்தக் கடையிலேயே விட்டுவைத்திருக்கலாம்தான். ஆனால் பக்கத்துக் கவுண்டிக்காரனை நம்பி ஒரு சுத்தியலைக்கூட விட்டுவைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அதனால் பலகைக்கு வெளியே மடக்கு நாற்காலி போட்டு, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு வாரத்தைக் கழித்தார்கள். வீட்டிலிருந்து அடுப்பில் சுட்ட கேசரோல் சாப்பாடு வந்தது, ஃபிளாஸ்கில் காபி வந்தது, சீட்டுக்கட்டும் வந்தது.

வைக்கோல் விவசாயி மெர்ல் டாக்கெட் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வண்டியின் வேகத்தைக் குறைப்பார். "என்னப்பா, தொட்டில் கட்டலையா? தாலாட்டு யாரு பாடுறது?" என்பார். "சட்டத்துக்கு எடை காகிதத்தோட எடைதான். நான் வாங்கினா அன்னைக்கே வீட்டுக்குப் போகும், பாத்துக்கிட்டே இருங்க."

மழை பொய்த்த ஜூலையில், ஓடையின் மேற்புறத்தில் நிலம் வைத்திருந்த ஆர்லோ பீச் வாய்க்கால் மதகை அடைத்தார். ஆர்லோ, மெர்லுடைய தங்கை ஃபேயின் கணவர். மெர்லுடைய வயலில் பயிர் நின்றபடியே கருகியது. நெல்டாவின் காபிக்கடையில் மெர்ல் குடித்த கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, "ஆர்லோகிட்ட பேசவேண்டியதெல்லாம் பேசியாச்சு" என்று சொல்லி, பக்கத்துக் கவுண்டிப் பக்கம் வண்டியைத் திருப்பினார். அவர் குரலை உயர்த்தாததுதான் நெல்டாவைப் பயமுறுத்தியது. ஃபேய்க்கு ஃபோன் செய்தாள்.

மெர்ல் புதுத் துப்பாக்கியோடு திரும்பி வந்தபோது நிற்காமல் பலகையைத் தாண்டினார். வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்து எழுந்தது. அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். பின்பக்கத் தகடு கிழிந்து, துப்பாக்கி ரோட்டில் விழுந்து, கொதிக்கும் ஓட்ஸ் கஞ்சியில் கரண்டி அமிழ்வதுபோல் தாரில் பாதி அமிழ்ந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து தொப்பியைக் கழற்றினார்கள். மெர்ல் அதைப் பிடித்து இழுத்தார், உள்ளங்கைத் தோல் உரியும்வரை இழுத்தார். யாரும் சிரிக்கவில்லை.

"ஏதாச்சும் சொல்லித் தொலைங்கய்யா."

"நாற்காலி ஒண்ணு சும்மாதான் கெடக்கு, மெர்ல்."

அதற்குள் ஊர்ப்பக்கமிருந்து ஆர்லோ வந்து இறங்கினார். தாரில் நட்டுக்கொண்டு நின்ற துப்பாக்கியை வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கா மச்சான் இது?"

"மானுக்கு."

"ஜூலையில ஏது மான் வேட்டை?"

ஆர்லோவின் பூட்ஸிலிருந்து ஈரச் சேறு ரோட்டில் சொட்டியது.

"மதகைப் பாதி தெறந்துட்டுத்தான் வரேன். மீதியை இப்பவே பேசிடலாமா?"

மெர்ல் தோல் உரிந்த தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "இப்ப வேணாம். ஒரு வாரம் போகட்டும்" என்றார்.

நாற்காலியை விரித்துத் துப்பாக்கியின் பக்கத்தில் உட்கார்ந்தார். லாரிகள் அவரைச் சுற்றிக்கொண்டு போகப் பழகின. ஃபேய் கேசரோல் கொண்டுவந்தாள்; உப்பு குறைவு என்றார். வாரத்தின் நடுவில் ஒரு மாலை தூறல் விழுந்தது. மெர்ல் எழுந்து, தன் மேல்சட்டையைக் கழற்றித் துப்பாக்கிக்குப் போர்த்திவிட்டு, பனியனோடு நனைந்துகொண்டு உட்கார்ந்தார். தொட்டிலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சீட்டு மட்டும் அவருக்கும் சேர்த்துப் போட்டார்கள்.