ரேடியோ அணைந்த பிறகும் பறந்தது

சங்கத்தில் எல்லாரும் அவரைக் கேப்டன் என்று கூப்பிட்டாலும் அவர் ஓட்டுவது என்னவோ பள்ளிக்கூடப் பேருந்துதான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே வேலை. "நம்ம கையில இருந்த வண்டியில ஒரு கீறல் காட்டுங்க பார்ப்போம்" என்று அவர் சொல்லிச் சொல்லியே வீட்டில் எல்லாருக்கும் காது புளித்துப்போயிருந்தது.

கேப்டன் பட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பாதித்தது. ஊருக்கு வெளியே ஒரு புல்வெளியில் கிளைடர் விடும் சங்கம் கூடும். இன்ஜின் இல்லாத குட்டி விமானம் அது. இறக்கையை விரித்தால் ஓர் ஆள் நீளம் வரும். நீளமான ரப்பர் கயிற்றில் மாட்டி இழுத்துவிட்டால் விர்ரென்று மேலே போகும். அதன்பிறகு கையிலிருக்கும் ரேடியோவின் இரண்டு குச்சிகளை நெம்பித்தான் அதைத் திருப்ப வேண்டும், காற்று தூக்கும் இடம் பார்த்துச் சுற்றவிட வேண்டும், கடைசியில் புல்லில் இறக்கவும் வேண்டும். மேலே சுற்றுவது பெரிய வித்தை இல்லை. இறக்கும்போதுதான் சாயம் வெளுக்கும். கேப்டனும் வந்த புதிதில் இரண்டு கிளைடர்களை வேலியில் சொருகிச் சுக்குநூறாக்கியவர்தான். அப்புறம் என்ன மாயமோ, ஒரு வருஷமாக அவர் இறக்குவதெல்லாம் பூப்போல இறங்கியது. அடுத்த மாதம் வெளியூர்ப் போட்டிக்குச் சங்கத்தின் சார்பில் தாம்தான் போவது என்று அவரே தீர்மானித்து, கோப்பை வைக்க அலமாரியில் இடமும் ஒதுக்கிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவியும் வந்திருந்தாள். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, மணமாகாத தம்பிக்குப் பெண் பார்ப்பது பற்றிச் சங்கத் தலைவரான பல் டாக்டரிடம் அளந்துகொண்டிருந்தாள். அந்தத் தம்பி, அதாவது கேப்டனின் மச்சினன், செல்போன் பழுதுபார்ப்பவன். கேப்டனுக்கு ரேடியோ வாங்கித் தந்ததும் அதைச் சரிசெய்து கொடுத்ததும் அவன்தான். மாமா கிளைடர் விடும்போதெல்லாம் இரண்டடி பின்னால், கழுத்தில் தன் ரேடியோவை மாட்டிக்கொண்டு நிற்பான். தன் முறைக்காகக் காத்திருக்கிறான் என்று மாமாவுக்கு எண்ணம்.

"மச்சான், பார்த்துக்கோ. இன்னைக்கு உங்க அக்கா காலடியில கொண்டுவந்து வைக்கிறேன்."

"வைங்க மாமா. அவசரப்படாம வைங்க."

கிளைடர் மேலே போய் நிதானமாக வட்டமடித்தது. கேப்டன் வாய் ஓயாமல் வருணனை சொல்லிக்கொண்டே குச்சிகளை அசைத்தார். இறக்கும் நேரம் வந்தது. வேலிக்கு மேலே தாழ்ந்து வந்துகொண்டிருந்தபோது அவர் கையிலிருந்த ரேடியோ ஒரு தடவை கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. முந்தின நாள் சார்ஜ் போட மறந்திருந்தார்.

"விலகுங்க! எல்லாரும் விலகுங்க! ரேடியோ செத்துப்போச்சு!" என்று அலறினார். மனைவி நாற்காலியோடு எழுந்தாள்.

கிளைடர் விழவில்லை. வேலியைத் தாண்டியது, அழகாக வளைந்தது, காற்றுக்கு எதிரே மூக்கைத் திருப்பியது, அவள் செருப்புக்கு ஒரு முழம் தள்ளிப் புல்லில் வந்து உட்கார்ந்தது. பல் டாக்டர் பழக்க தோஷத்தில் கைதட்டி, "பிரமாதம் கேப்டன்!" என்றார். பிறகுதான் அவருக்கு உறைத்தது. தட்டிய கை அப்படியே நின்றது.

கேப்டன் தம் ரேடியோவைப் பார்த்தார். திரை இருட்டாகத்தான் இருந்தது. பொத்தானை அழுத்திப் பார்த்தார், ஒன்றுமில்லை. மெல்லத் திரும்பினார். மச்சினனின் இரண்டு கட்டைவிரல்களும் அவன் ரேடியோவின் குச்சிகள் மேல் இருந்தன.

"நீயா இறக்கின?"

அவன் விரல்களைக் குச்சிகளிலிருந்து எடுத்தான்.

"இன்னைக்கு மட்டுமா?"

"மாமா, உங்க ரேடியோ என் ரேடியோ வழியாத்தான் கிளைடர்கிட்ட பேசும். கத்துக்கறவங்களுக்கு அப்படித்தான் போடுவோம். மேல இருக்கும்போது உங்க கையிலதான் விடுவேன். இறங்கும்போது மட்டும்..."

"எத்தனை நாளா?"

"ரெண்டாவது கிளைடர் உடைஞ்சதுல இருந்து."

கேப்டனுக்கு முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது. ஒரு வருஷம்! அவன் வராத ஞாயிறுகளில் காற்று சரியில்லை என்று சங்கத்தார் தம்மைத் திருப்பி அனுப்பியது ஞாபகம் வந்தது. சுற்றிலும் பார்த்தார். ஆளாளுக்கு ஒரு திசையில் புல்லை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

"டாக்டர், உங்களுக்கும் தெரியுமா?"

"கேப்டன், நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. மனசு கேக்கல" என்றார் டாக்டர். போட்டிக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று அவர்கள் பேசிக்கொண்டதும் உண்மை. யார் சொல்வது என்பதில்தான் மாதம் ஓடியிருந்தது.

"ஊரே சேர்ந்து என் தலையில மிளகாய் அரைச்சிருக்கீங்க!" கேப்டனுக்கு ரத்தம் கொதித்தது. "எனக்கு இறக்கத் தெரியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே?"

"தெரியாதுன்னு இல்ல மாமா." மச்சினன் குரல் தேய்ந்தது. "கை நல்லாத்தான் வருது. கிளைடர் இடது பக்கம் போச்சுன்னா உங்க கண்ணுக்குச் சிக்கறதில்ல. அது அங்க இருக்கும், நீங்க வலது பக்கமே தேடிட்டு நிப்பீங்க. அப்புறம் தலையைத் திருப்பினாத்தான் பார்ப்பீங்க. வயசானா அப்படித்தான்னு நினைச்சோம்."

கேப்டன் ஏதோ திட்ட வாயெடுத்தார்.

இடது பக்கம். பேருந்தின் கதவு இருக்கும் பக்கம். போன புதன்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு வண்டியை நகர்த்தப்போனபோது பிள்ளைகளுக்குத் துணையாக வண்டியில் வரும் ஆயா தகரத்தைத் தட்டித் தட்டிக் கூப்பாடு போட்டாளே. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் குனிந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டிருந்தது. "கண்ணாடியில பார்த்துட்டுத்தான் எடுத்தேன், சும்மா ஊரைக் கூட்டாதே" என்று ஆயாவைத்தான் அவர் ஏசினார். கண்ணாடியை அவர் பார்த்தது நிஜம். அதில் அவருக்கு யாரும் தெரியாததும் நிஜம்.

அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். மனைவி ஓடிவந்து தோளைப் பிடித்தாள். "என்னங்க? ஒரு பொம்மைக்குப் போய் இப்படியா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. மச்சினனையே பார்த்தார். இப்போது அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. அது இல்லாததுதான் அவனைக் கலங்கடித்தது.

"கிளைடர் உடையக் கூடாதுன்னு ஒரு வருஷமா என் பின்னாடியே நின்னியே மச்சான். பஸ்ல என் பின்னாடி யாருடா இருந்தா? பிள்ளைங்கதானே இருந்துச்சுங்க?"

மச்சினன் வெளிறிப்போனான். டாக்டர் மடக்கு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். இத்தனை பேர் இத்தனை ஞாயிறு பேசியதில், திங்கட்கிழமை இவர் எங்கே போவார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கேப்டன் செல்போனை எடுத்தார். இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை பள்ளிக்கூட வண்டிகளைக் கவனிக்கும் மேலாளர் கிடைத்தார்.

"சார், நாளைக்கு என் பஸ்ஸுக்கு வேற ஆளைப் போடுங்க."

"என்னாச்சு, காய்ச்சலா? செவ்வாய்க்கிழமை வந்துடுவீங்கல்ல?"

"இல்ல சார்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்குக் கண்ணு தெரியல. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."