இருபதுக்கும் ஐந்து

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே கணினியில் ஒரு படிவம் வந்தது. 'என் நேரத்தை நானே திட்டமிடுவேன்', 'யாரும் நினைவூட்டாமலே பயிற்சிகளை முடிப்பேன்' என்று இருபது வரிகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை தனக்குத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வருடம் மதிப்பெண்ணுக்கென்றே படித்தவள் அவள். குறைத்துப் போட்டால் கிடைத்த இடம் கைநழுவிவிடுமோ என்று பயந்தாள். இருபதுக்கும் ஐந்து.

நூற்றுக்கு நூறு வாங்கியவளைச் சுயகற்றல் பிரிவில் சேர்த்தார்கள். அங்கே வகுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. பதிவுசெய்த பாடங்கள் மட்டும். தினமும் பார்த்தாள். வரி விடாமல் நோட்டில் எழுதினாள். யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தாள். எட்டாவது வாரம் பாடத்தைத் திறக்க விடாமல் திரை பூட்டிக்கொண்டது.

மறுநாள் அம்மா தையற்கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவளைத் துறை அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏழு பயிற்சியில ஒண்ணுகூட வரல," என்றார் எழுத்தர்.

"நாலு நோட்டு நிறைய எழுதியிருக்கா சார். பாருங்க, கையெழுத்து அச்சடிச்ச மாதிரி."

"நோட்டை யாரும்மா கேட்டா? பயிற்சியைத்தான் அனுப்பணும்."

"அனுப்பச் சொல்லி யாரும் கேக்கல சார்," என்றாள் அவள்.

"கேக்கமாட்டாங்க. நீதானே அஞ்சு அஞ்சா அள்ளிப் போட்ட?"

"என் பொண்ணைச் சாதாரணமா நினைக்காதீங்க," அம்மாவுக்குக் குரல் உயர்ந்தது. "காலையில எழுப்பக்கூட வேண்டாம். தன் வேலையைத் தானே பாத்துக்குவா."

"அதைத்தான் நாங்களும் நம்பினோம்." எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த வருஷம் போச்சும்மா. படிவத்துல உண்மையைச் சொல்லலைன்னு இன்னிக்கே எழுதிக் கொடுத்தா, அடுத்த வருஷம் ஆசிரியர் நடத்துற வகுப்புல மறுபடி முதல்ல இருந்து உக்காரலாம். இல்லைன்னா பேரை அடிச்சிருவாங்க."

"பொய் சொன்னேன்னு எழுதணுமா? என் பொண்ணா?"

எழுத்தர் ஒரு வெள்ளைத்தாளை மேசையில் தள்ளினார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் பேனாவைத் திறந்தாள். தேதி போட்டாள். ஓரத்தை மடித்து இடம் விட்டாள். பிறகு பேனா நகரவில்லை. ஐந்து நிமிடம் போயிருக்கும்.

"என்னம்மா?"

"என்ன எழுதணும் சார்?"

எழுத்தர் அவளையே பார்த்தார். பெருமூச்சு விட்டார். "எழுது. 'மதிப்பிற்குரிய ஐயா...'"

அவள் எழுதினாள். எழுதி முடித்து, அடுத்த வரிக்காக நிமிர்ந்து பார்த்தாள்.