மூன்றாம் ஓலை

ஓலை வாசிக்கும்போது யாரும் வாய் திறப்பதில்லை. தாராவித் தமிழ்ச் சபையில் இப்படியொரு சட்டத்தை எவரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்த சட்டம் இதற்கு நேர்மாறானது. திருமணத்துக்கு முந்தைய மூன்று ஞாயிறுகளிலும் ஆராதனையின் நடுவே மணமக்களின் பெயரை அறிவித்து, தடை ஏதேனும் தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்று கேட்க வேண்டும். அந்த அறிவிப்புக்குத்தான் ஓலை என்று பெயர். ஓலை வாசிப்பவர் ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருப்பார். அந்த ஒரு மூச்சில் தாய்மார்கள் கைக்குழந்தைகளின் வாயைக்கூடப் பொத்திவிடுவார்கள். மணமகன் ஒருவனுக்கு ஊரில் ஏற்கெனவே மனைவி இருப்பது பாதிச் சபைக்குத் தெரிந்திருந்த ஆண்டிலும் அந்த அமைதி கலையவில்லை.

1964 ஆகஸ்டில் ஞானப்பூவின் பெயரும் தேவசித்தத்தின் பெயரும் முதல் ஓலையில் வந்தன. அவள் நகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. தோல் பதனிடும் கிடங்கில் உழைத்து இறந்துபோன ஒருவரின் ஒரே மகள். அவன் செம்பூரில் ஒரு ரசாயன ஆலையின் அலுவலகத்தில் கிளார்க். இருவரும் ஒன்றாகப் படிக்கும் பழக்கத்தில் நெருங்கியவர்கள். மாதுங்காவின் வாடகை நூலகத்திலிருந்து அவன் புத்தகங்களைக் கொண்டுவருவான்; அவள் படித்துவிட்டு மறுவாரம் அவனோடு வாதிடுவாள்.

அப்படி வந்த புத்தகங்களில் ஒன்று பூமியின் வயதையும் ஆதி மனிதர்களையும் பற்றியது. பள்ளியில் ஐந்தாம் வகுப்புச் சரித்திரத்தின் முதல் பாடமும் அதுதான். ஞாயிறு பிற்பகல்களில் சபைப் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துகிறவளும் அவளே. அதே பிள்ளைகள் திங்கட்கிழமை பள்ளியில் குகை மனிதனைப் படிக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஏதேனைப் படிக்கிறார்கள், இரண்டையும் தனித்தனிப் பெட்டிகளில் பூட்டி வைத்துக்கொள்கிறார்கள் என்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. இரண்டில் ஒன்றைப் பொய்யென்று ரகசியமாக நினைத்துக்கொண்டே இரண்டையும் ஒப்பிக்கப் பழகும் பிள்ளை பிற்பாடு எதையும் நம்பாது என்று அவள் எண்ணினாள்.

ஆகவே தோல் கிடங்கின் பழுப்புத் தாள்களை ஒட்டி இருபத்திரண்டு முழ நீளத்துக்கு ஒரு சுருள் செய்தாள். ஒரு சாணுக்குப் பத்துக் கோடி ஆண்டு என்பது கணக்கு. தலைப்பில் வேதத்தின் முதல் வாக்கியத்தை எழுதினாள். அடுத்து நெடுந்தூரத்துக்குக் கடலும் பாசியும். பிறகு மீன்களும் பெரும் பல்லிகளும். கடைசியில் ஓர் அரிசியின் நீளத்துக்குள் மனிதர் வந்தனர். ஆண்டுகளை எழுதிக் கொடுத்தது தேவசித்தம். அவனுடைய எழுத்து அச்சுப்போல் இருக்கும்.

ஆதாமை எங்கே எழுதுவது என்று பிள்ளைகள் கேட்டார்கள். அடுத்த ஞாயிறு, முதல் ஓலை வாசித்த அன்று பிற்பகல், அவர்களைக் கும்பர்வாடாவுக்கு அழைத்துப் போனாள். அங்கே குஜராத்திக் குயவர்கள் முழங்கால்வரை சேற்றோடு களிமண்ணை மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பானைக்கு எத்தனை நாள் மிதிக்க வேண்டும் என்று இந்தியில் கேட்கச் சொன்னாள். மண் சொல்லும்வரை என்று பதில் வந்தது. தேவன் மண்ணை எடுத்தார் என்று வேதம் சொல்கிறது, எவ்வளவு காலம் பிசைந்தார் என்று சொல்லவில்லை. தன்னை ஒருவர் கூப்பிடுகிறார் என்று முதன்முதலில் உணர்ந்து திரும்பிப் பார்த்தவன் எவனோ, அவன்தான் ஆதாம் என்றாள் ஞானப்பூ. பிள்ளைகள் அதை வீட்டில் போய்ச் சொன்னார்கள்.

இரண்டு நாள் கழித்து உபதேசியார் அய்யாத்துரை பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்றார். குருவானவர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது, ஓலை வாசிப்பது, யாருக்குத் திருமணம் உண்டு யாருக்கு இல்லை என்று தீர்மானிப்பது எல்லாம் இவரும் சபைக் கமிட்டியாரும்தான்.

"குகையில கிடந்ததெல்லாம் மனுசச் சாதியே கிடையாது டீச்சர்" என்றார். "ஆத்துமா இல்லாத சீவன். அதுகளுக்கு நம்ம பிள்ளைகளைப் பேரப்பிள்ளை ஆக்குதியளோ?"

செத்தவன்மேல் செம்மண் தூவிப் புதைத்தவர்கள் அவர்கள், ஆத்துமா இல்லாதவன் அதை எதற்குச் செய்ய வேண்டும் என்று அவள் கேட்டாள். எவனோ வெள்ளைக்காரன் எழுதிய கதை என்றார். நமக்கு வேதத்தைக் கொண்டுவந்தவனும் வெள்ளைக்காரன்தானே என்றாள். அவர் மறுபடியும் மனுசச் சாதி என்ற சொல்லையே எடுத்தார். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"எங்கப்பாவையும் ஊர்ல இப்படித்தான் சொன்னாவ, உபதேசியாரே. மனுசச் சாதியில சேத்தி இல்லன்னு. உங்கப்பாவையும் சொல்லியிருப்பாவ."

அவர் முகம் கறுத்தது. திரும்பிப் போய்விட்டார். கமிட்டியின் தீர்ப்பு மறுநாள் வந்தது: மூன்றாம் ஓலைக்கு முன் ஞானப்பூ பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையேல் அந்த ஆலயத்தில் அவளுக்குத் திருமணம் இல்லை.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு பெருமழை. ஆலயத்தின் தகரக் கூரை ஒழுகியது. வாசலில், சேற்றுக் கால்களைத் துடைப்பதற்கென்று, வேதபாடத்துக்காக ஆலயத்தில் வைத்திருந்த அவளுடைய சுருளை விரித்துப் போட்டிருந்தார்கள். சபையார் கடலையும் பாசியையும் பல்லிகளையும் மிதித்து, வேதத்தின் முதல் வாக்கியத்தையும் மிதித்து, உள்ளே வந்து உட்கார்ந்து பாடினார்கள். எதை மிதிக்கிறோம் என்று குனிந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஞானப்பூ அதைத் தாண்டி வந்தாள். அய்யாத்துரையை அவளால் வெறுக்க முடிந்தது. ஆனால் வெறுப்பில் ஒரு மரியாதையும் இருந்தது. அவர் நம்புவதைச் செய்கிறார், ஒளிக்காமல் செய்கிறார்.

வெள்ளிக்கிழமை மாலை தேவசித்தம் அவளை மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் தோட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தான். மகிழ்ச்சியாக இருந்தான். எல்லாம் முடிந்துவிட்டது, இனி ஞாயிற்றுக்கிழமை ஓலையில் சிக்கல் இல்லை என்றான். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். கமிட்டிக்கு எழுதிய கடிதத்தின் கார்பன் நகல். எதை எழுதினாலும் நகல் வைத்துக்கொள்வது அவன் அலுவலகப் பழக்கம்.

மேற்படி ஞானப்பூ அறியாமையால் செய்த பிழைக்காக வருந்துகிறார். ஆதி மனிதர் எனப்படுபவை ஆத்துமா இல்லாத மிருகங்களே என்று ஒப்புக்கொள்கிறார். விவாகத்துக்குப் பின் பள்ளி வேலையை விட்டுவிடச் சம்மதிக்கிறார். கீழே, அவருக்காக, தேவசித்தம்.

அவள் இரண்டு முறை படித்தாள். கார்பனில் நீலமாகப் பதிந்திருந்த எழுத்து அச்சுப்போல் இருந்தது.

"எனக்காவ நீங்க கையெழுத்துப் போட்டியளா?"

"ஆபீஸ்ல மெமோ குடுத்தா விளக்கம் எழுதிக் குடுப்போம்லா, அது மாதிரிதான். எழுதுறதை எல்லாம் நம்பியா எழுதுதோம்? ஃபைலை மூடணும், அவ்வளவுதான்."

"அந்தக் குகை மனுசங்க மிருகம்னு நீங்க நம்புதியளா?"

"நம்பல. அது உனக்கே தெரியும்."

"சுருள்ல வருஷம் எழுதுனது உங்க கை."

"மெதுவாப் பேசு. அது கமிட்டியில யாருக்கும் தெரியாது."

அவன் அதைச் சொன்ன விதத்தில் வெட்கமே இல்லை. ஒரு நல்ல காரியத்தைச் சாதுரியமாக முடித்தவனின் களைப்புத்தான் இருந்தது. வேலையை விடுவதாக ஏன் எழுதினீர்கள் என்று கேட்டாள். கமிட்டி கேட்டது, ஒரு வரிதானே என்றான். அந்த ஒரு வரிக்குள் அவளுடைய ஆறு ஆண்டுகள் இருந்தன. பாதிப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்த நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள். அவள் நம்பாததை அவள் பெயரில் எழுதியவன், அதைத் தானும் நம்பாதவன். அய்யாத்துரையின் பொய் அவருக்கு உண்மை. இவனுடைய உண்மையோ மடித்துச் சட்டைப் பையில் வைக்கும் தாள்.

வீட்டில் அம்மா சொர்ணம்மாள் நகலைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு, பட்டு எடுத்தாயிற்று, ஊரிலிருந்து சனங்கள் ரயில் ஏறிவிட்டார்கள் என்றாள்.

"கட்பட் பண்ணி எல்லாத்தையும் குழப்பாத, ஏட்டி. அவன் எழுதுனா எழுதிட்டுப் போறான். நீ உன் மனசுக்குள்ள வேற வச்சுக்கோ. நாங்கல்லாம் வைக்கலியா?"

எல்லோரும் மனதுக்குள் வேறு வைத்திருப்பதால்தான் ஆலயத்தில் அவ்வளவு அமைதி என்று ஞானப்பூ சொன்னாள். திருமணம் நின்றால் இந்தச் சந்தில் தன்னால் தலைகாட்ட முடியாது என்று அம்மா அழுதாள். அது உண்மை என்பது மகளுக்குத் தெரியும். மூன்றாம் ஞாயிறு அம்மா எடுத்து வைத்த சேலையையே கட்டிக்கொண்டு போனாள்.

ஊரிலிருந்து வந்த உறவினர் பெண்கள் பக்கத்தை நிறைத்திருந்தார்கள். பிள்ளைகள் முன்னால் தரையில் இருந்தனர். பிரசங்கம் முடிந்ததும் அய்யாத்துரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வழிதவறிய ஒரு சகோதரி திரும்பி வந்த சந்தோஷத்தைச் சபையோடு பங்கிட்டுக்கொள்வதாகச் சொல்லி, கடிதத்தை முழுவதும் வாசித்தார். ஆத்துமா இல்லாத மிருகங்கள் என்ற இடத்தில் நிறுத்தி, பிள்ளைகளைப் பார்த்து, மறுபடியும் வாசித்தார். பிள்ளைகள் திரும்பி ஞானப்பூவைப் பார்த்தார்கள். கடிதம் சொல்வதையும் டீச்சர் சொன்னதையும் அவர்கள் அந்தக் கணத்திலேயே தனித்தனியாக எடுத்து வைக்கத் தொடங்குவதை அவளால் பார்க்க முடிந்தது.

பிறகு ஓலை. இரு பெயர்கள், இரு தகப்பன் பெயர்கள், இது மூன்றாம் முறை என்ற அறிவிப்பு. இவர்கள் இணைவதற்கு நியாயமான தடை அறிந்தவர் எவரும் இப்போதே சொல்லலாம் என்றார் அய்யாத்துரை. தாய்மார்களின் கைகள் குழந்தைகளின் வாய்க்குப் போயின.

ஞானப்பூ எழுந்தாள். அம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"தடை இருக்கு" என்றாள்.

அய்யாத்துரை கேட்காதவர்போல் ஏட்டைப் புரட்டி அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்ல வாயெடுத்தார். அவள் குரலை உயர்த்தினாள்.

"தடை இருக்கு, உபதேசியாரே. நீங்க வாசிச்ச கடுதாசியை நான் எழுதல. அதுல ஒரு வரியும் நான் நம்பல, வேலையையும் விடப்போறதில்ல. எழுதுனவரும் அதை நம்பல. ஆம்பளைங்க பக்கம் மூணாவது வரிசையில இருக்காரு, எழுப்பிக் கேளுங்க."