டீக்கடை பல்பில் பார்த்த ப்ளக்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோலின் நிறத்தைச் சரிபார்த்து ஓகே சொல்வது என் வேலை. எல்லோருக்கும் டேன் என்கிற பழுப்பு ஒரே நிறம் என்றால் எனக்கு அதில் பதினொன்று தெரியும். அந்தத் திமிர்தான் நடந்ததற்கெல்லாம் காரணம். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் மனைவி அம்பிகாவுக்கு வேலூரில் ஒரு லேப்பில் வேலை. அவள் அப்பா கொடுத்த பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்கில்தான் தினமும் போய்வருவாள். போன வாரம் அதன் ஏர் ஃபில்டர் பெட்டி உடைந்துபோனது. அதே பெட்டி எங்கும் கிடைக்கவில்லை. ஸ்பேர்ஸ் கடை லியாகத் அலி பாய் கூம்பு மாதிரி ஒரு திறந்த ஃபில்டரைக் கொடுத்தார்.

“இதுல காத்து ஜாஸ்தி போவும். பெட்ரோலும் அதுக்கேத்தாப்பல போவணும். கார்புரேட்டர்ல பெரிய ஜெட் போடு. ஒரு சைஸ் பத்தலைன்னா ரெண்டு சைஸ் ஏத்து. பெட்ரோல் கம்மியாச்சுன்னா இன்ஜின் சூடாயி புடிச்சுக்கும், பாத்துக்க” என்றார்.

ஜெட் என்பது நடுவில் துளையிட்ட ஒரு பொடிப் பித்தளைத் திருகு. துளை பெரிதானால் பெட்ரோல் கூடும். நேற்று சாயங்காலம் ஒரு சைஸ் பெரியதைப் போட்டு, பைபாஸில் முழு வேகத்தில் ஓட்டி, இன்ஜினைச் சட்டென்று அணைத்து ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினேன். அதன் முனை கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் கம்மி, பழுப்பாக இருந்தால் சரி. பொழுது சாய்ந்துவிட்டதால் டீக்கடைக் குண்டு பல்பின் கீழே பிடித்துப் பார்த்தேன். அழகான டேன். ப்ளக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டிக்குப் புது ப்ளக் மாட்டினேன்.

காலை ஏழே முக்காலுக்கு அம்பிகா கிளம்பிவிட்டாள். எட்டேகாலுக்கு நான் கம்பெனியில் இருந்தேன். கூட வேலை செய்யும் அன்பரசனிடம் பீற்றிக்கொள்ளத்தான் ப்ளக்கை எடுத்தேன்.

“பாருடா, டேன்.”

அவன் அதை வடக்கு ஜன்னல் பக்கம் கொண்டுபோனான். “இன்னாண்ணா, வெள்ளையா கீது?”

வாங்கிப் பார்த்தேன். சுண்ணாம்பு வெள்ளை. எங்கள் அறையில் நிறம் பார்ப்பதற்கு வடக்கு வெளிச்சம் மட்டும்தான். மஞ்சள் விளக்கில் வெள்ளையும் டேன் ஆகிவிடும். விளக்கடியில் நிறம் பார்த்தான் என்று இதே அன்பரசனைப் போன மாதம் நாலு பேர் முன்னால் கிழித்திருக்கிறேன்.

அம்பிகாவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள், போன் கைப்பைக்குள் இருக்கும். மறுபடி அடித்தேன். மாதனூர் தாண்டியிருப்பாள். இந்நேரம் பள்ளிகொண்டா. ஹைவேயில் அவள் மெதுவாகப் போகிற ஆள் இல்லை. இன்ஜின் பிடித்துக்கொண்டால் பின் சக்கரம் அப்படியே நின்றுவிடும். பின்னாலேயே லாரி வரும். அதற்கு மேல் நினைக்கப் பயந்து மறுபடி மறுபடி அடித்தேன்.

“போலீஸ்ல யாராச்சும் தெரிஞ்சவங்ககிட்ட சொல்லி வண்டிய நிறுத்த…” என்று அன்பரசன் ஆரம்பித்தான்.

“வாயை மூடுறா!” என்றேன். பாவம், அவன் நல்லதற்குத்தான் சொன்னான்.

பதினேழாவது தடவை அடிப்பதற்குள் அவளே கூப்பிட்டாள்.

“நல்லாத்தான் கீறேன், பயப்படாதீங்க.” குரல் நடுங்கியது. “விரிஞ்சிபுரத்துக்கு முன்னாடி இன்ஜின் புடிச்சுக்கிச்சு. கிளட்ச்சை அமுக்கி எப்படியோ ஓரத்துக்கு வந்துட்டேன். லாரி உரசுனாப்பல போச்சு.”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அடக்கவும் தோன்றவில்லை.

“காலைல எடுக்கும்போதே தெரிஞ்சுதுங்க” என்றாள். “ஆக்சிலேட்டரை விட்டாலும் சத்தம் எறங்கல. ஏதோ கோளாறுன்னு தோணுச்சு.”

“தெரிஞ்சுமா எடுத்துட்டுப் போனே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா?”

“நீங்க கலர் பாத்து சரின்னுட்டீங்க. அதுக்கு மேல நான் ஒண்ணு சொன்னா, கத்துவீங்க.”

“நான் எப்போ கத்தினேன்?” என்று கத்தினேன்.